அப்பத்தாவோட தையல் மெஷினை ஓட வெச்ச கதை

அப்பத்தா தவறி வருஷம் திரும்பப்போகுது, தெவசத்துக்குள்ள அவங்க மிதி மெஷினை ஓட வெச்சிரணும்னு எறங்கினேன், இப்ப முக்காவாசி ஓடுது. பழைய கறுப்பு உஷா யார் வீட்லயாவது சும்மா கெடந்தா ஒதவுமேன்னு எழுதி வைக்கிறேன்.

எடுக்கும்போது கைச்சக்கரம் அசையவே இல்ல. துருன்னு நெனச்சோம், துரு கொஞ்சந்தான், மிச்சம் பூரா காஞ்ச எண்ணெய். ஓட்டாம போட்டா உள்ள விட்ட எண்ணெய் பிசினா எறுகிடுது. இதுக்கு மண்ணெண்ணெய்தான் மருந்து, இப்ப அது கெடைக்கிறதே பெரும்பாடு, அத்தை வீட்டுப் பரண்ல ஒரு பாட்டில் இருந்துச்சு. மேல இருக்கிற எண்ணெய் ஓட்டை ஒவ்வொண்ணுலயும் சொட்டு விட்டு ராத்திரி பூரா ஊற விட்டு, காலைல சக்கரத்தை முன்னயும் பின்னயும் லேசா ஆட்டணும், அம்புட்டுதான், பலங்கொண்டு திருப்பினா எதாவது ஒடஞ்சிரும். தின்னர் பக்கமே போகாதீங்க, தங்கக் கலர் பூ வேலைப்பாடெல்லாம் துணியோட வந்துரும். ஊசிக்குக் கீழ இருக்கிற தகட்டைக் கழட்டுனா துணி தள்ளுற பல்லுக்கு நடுவுல பஞ்சு அடை அடையா இருந்துச்சு, குண்டூசியால நோண்டி எடுத்தேன். அதுல ஊதா நூல், பச்சை நூல்னு யார் யாரு ஜாக்கெட்டோ.

அப்பத்தாவுக்கு பார்க்கின்சன்ஸ். 2016ல தான் டாக்டர் பேர் சொன்னாரு. மடில சும்மா கெடக்கும்போது ஆடுற கை, டம்ளரை எடுக்கப் போனா கொஞ்சம் அடங்கும், அந்த நோயோட கொணமே அது. அதனால கை ஆட ஆரம்பிச்ச அப்புறமும் தச்சுக்கிட்டுதான் இருந்தாங்க, மெஷினை விட்டு அவங்களை எறக்குனது கால்தான். மிதி ஒரே தாளத்துல போகணும், தயங்குனா சக்கரம் பின்பக்கமா சுத்தி நூல் சிக்கிரும், அது அவங்களுக்கு அடிக்கடி ஆக ஆரம்பிச்சு ஒருநாள் மூடி போட்டு மூடிட்டாங்க. பொறவு நெலைப்படிகிட்ட வந்தாலே கால் எழாம அப்படியே நின்னுருவாங்க. பிசியோக்காரர் தரைல குறுக்க குறுக்க டேப் ஒட்டச் சொன்னாரு, அந்தக் கோட்டைத் தாண்டுறதா நெனச்சா கால் எழுந்துரும், என்ன கணக்குன்னு தெரில, நடந்தாங்க. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாடியே குடுக்கணும், பருப்பு முட்டையோட போனா சரியா ஏறாது. இப்படியே நேரம் பாத்து நேரம் பாத்து கடைசி வருஷங்க போனதுல, எனக்கு அவங்களை நெனச்சாலே கட்டிலும் மாத்திரை டப்பாவும்தான் வந்து நிக்கிது. இந்த வேலைய எடுத்ததுக்குக் காரணமே அதான்.

டிராயர்ல கொக்கி, சாக்பீஸ் எல்லாம் போக ஒரு கட்டு அளவுத்தாள் இருந்துச்சு, பழைய மாசக் காலண்டர்ல வெட்டுனது. ஒவ்வொண்ணுலயும் பேரும் அளவும் அவங்க கையெழுத்துல. காலண்டர் தாளுங்கிறதால பின்னாடி வருஷம் இருக்கு, அடுக்கிப் பாத்தேன். 2008, 2009ல எல்லாம் பெரிய பெரிய உருண்டை எழுத்து. 2013லயே "தோள்பட்டை"ன்னு ஆரம்பிக்கிறது போகப் போகச் சின்னதாகி கடைசி எழுத்து எறும்பு சைஸ்ல நிக்கிது. எழுத்து சுருங்குறதும் இந்த நோயோட அறிகுறிதானாம், கை ஆடுறதுக்கு முன்னாடியே வந்துரலாமாம். நாங்க எல்லாம் தாள்ல எடம் பத்தலன்னு எழுதியிருப்பாங்கன்னு விட்டிருப்போம். அந்தக் கட்டை வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் ஒக்காந்துட்டேன், அன்னிக்கு வேலை ஓடல.

பெல்ட்டு புதுசு, தோல் பெல்ட்டு, ஓட்டை போட்டு கம்பிக் கிளிப்பு மாட்டுறது. ரொம்ப டைட்டா வெட்டாதீங்க, மிதிக்க கால் வலிக்கும். ஊசியோட தட்டைப் பக்கம் சரியான பக்கம் பாத்து இருக்கணும், இல்லன்னா தையல் விட்டு விட்டு விழும். அவங்க சுங்குடிச் சேலை ஒண்ணை ரெண்டு மடிப்பா போட்டு ஓட்டுனேன், நல்லா விழுது, ஜீன்ஸ் துணிக்கு இன்னும் தாண்டுது.

அத்தை வந்தாங்க, ஒக்காந்து ரெண்டு மிதி மிதிச்சிட்டு "நூலை என்னத்துக்கு இப்படி இழுத்துப் புடிச்சு வெச்சிருக்க"ன்னு திருகை அரை சுத்து தளத்திவிட்டாங்க, தையல் இன்னும் நேராயிருச்சு. இப்ப மெஷின் அவங்க வீட்டுக்குத்தான் போகணும்ங்கிறாங்க, அப்பா முடியாதுங்கிறாரு. பஞ்சாயத்து ஓடிக்கிட்டு இருக்கு, நான் அதுக்குள்ள தலகாணி உறை நாலாவது தச்சு எடுத்துரணும்.