காலைப் பெரட்டு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பிசியோவாக, அதாவது இயன்முறை சிகிச்சையாளராக, வேலைக்குச் சேர்ந்த புதிதில், பார்க்கின்சன் நோயாளி யார் வந்தாலும் முதலில் நாற்காலியைத்தான் இழுத்துப் போடுவேன். "உட்காருங்க ஐயா, மெதுவா செய்யலாம்." கையை மடக்கி நீட்ட வேண்டும், தோளைச் சுழற்ற வேண்டும், எல்லாம் பத்துப் பத்து தடவை. அவர்களுக்கும் சிரமமில்லை, எனக்கும் தங்கமான பிள்ளை என்று பெயர். ஆறு மாதம் கழித்து அதே ஆள் இன்னும் கொஞ்சம் கூனி, இன்னும் சின்ன அடி வைத்து வருவார். நோய் அப்படித்தான் என்று எழுதி வைத்துவிடுவேன்.

எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் அந்த நாற்காலியை ஏற்கவில்லை. ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர், அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். தோட்டம் செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப்பனைக்கு, மாறியதும் தோட்டத்து லயத்து வீட்டை விட்டு டவுனில் மலிவு விலை வீட்டுக்கு வந்தவர். "மிஸ்ஸி, வீட்லயும் உட்காருன்னுதான் சொல்றாங்க, இங்கயுமா?" என்றார். குரல் அவ்வளவு சன்னம், குனிந்து கேட்டால்தான் விளங்கியது.

அந்தச் சமயத்தில்தான் 2018இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வைப் படித்திருந்தேன். நோய் தொடங்கி அதிக நாள் ஆகாத, இன்னும் மருந்து தொடங்காத 128 பேர். இதயத் துடிப்பு உச்ச அளவில் 80 முதல் 85 விழுக்காட்டைத் தொடும் வேகத்தில் டிரெட்மில்லில் ஆறு மாதம் நடந்தவர்களுக்கு உடல் இயக்கம் ஏறக்குறைய அப்படியே நின்றது. வழக்கம்போல் இருந்தவர்களுக்குச் சரிந்தது. மிதமான வேகத்தில் நடந்தவர்களிடம் அவ்வளவு தெளிவான பலன் தெரியவில்லை. சின்ன ஆய்வுதான், நோயைக் குணமாக்கும் என்று அது சொல்லவுமில்லை. ஆனால் என் பத்துப் பத்து தடவை எந்தக் கணக்கிலும் வராது என்பது உறைத்தது.

சரி, பெரியவரை சைக்கிளில் ஏற்றினேன். இந்த நோயில் துடிப்பு சிலருக்கு ஒழுங்காக ஏறாது. அதனால் கருவியை மட்டும் நம்பாமல் மூச்சையும் பார்ப்பேன். இரண்டு வார்த்தை பேச முடியவேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது. முதல் வாரமே விழுந்தார். சைக்கிளை விட்டு இறங்கி நின்றவர், முகம் வெளுத்து அப்படியே சரிந்தார். தப்பு என்னுடையது. இந்த நோயும் இதற்கான மருந்தும் எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தத்தை இறக்கிவிடும். நான் உட்கார்ந்த நிலையில் மட்டும் அளந்திருந்தேன். முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. மகள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அவர்தான், "மழையில மரத்தடியில எத்தன தடவ சறுக்கி விழுந்திருப்பேன்" என்று அவளைச் சமாதானப்படுத்தினார். அப்புறம் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் அளக்காமல் யாரையும் ஏற்றுவதில்லை. மாத்திரை போட்டது எத்தனை மணிக்கு என்பதையும் கேட்பேன். மருந்து வேலை செய்யும் நேரத்தில்தான் உடம்பு சொன்னபடி கேட்கும்.

அவருடைய பெரிய தொல்லை வாசற்படி. கதவருகே வந்தால் பாதம் தரையில் ஒட்டிக்கொள்ளும். தரையில் குறுக்குக் கோடாக மஞ்சள் டேப் ஒட்டினேன், தாண்டினார். வீட்டில் டேப்புக்கு எங்கே போவது? ஒருநாள் பேச்சு ரப்பர் மரக்காட்டுக்குத் திரும்பியபோது, "தீம்பார்ல எப்படி ஐயா நடப்பீங்க?" என்று கேட்டேன். "அடுத்த மரத்தப் பாத்துத்தான். கால யாரு பாத்தா?" என்றார். அசைவுக்கு வேண்டிய டோபமின் என்ற இரசாயனம் குறைந்த மூளைக்குத் தானாக நடக்கும் பழக்கம்தான் தடுமாறுகிறது; கண்ணுக்கு ஒரு குறி கிடைத்தால் அது வேறு வழியைப் பிடித்துக்கொள்ளும். இதைப் பாடமாகப் படித்துத் தேர்வும் எழுதியவள் நான். அவரோ உளியோடு நடந்தே தெரிந்து வைத்திருந்தார். இப்போது வீட்டில் கால் ஒட்டினால் மகள், "அப்பா, அடுத்த மரம்!" என்கிறாள். எதிர்ச் சுவரில் தொங்கும் நாட்காட்டிதான் மரம்.

மெல்ல ஆறு பேர் சேர்ந்தார்கள். அதில் ஓர் அம்மா தோட்டத்தில் பல வருஷம் களைக்கொல்லி அடித்தவர். "மருந்து அடிச்சதாலதான் இப்படி ஆச்சா மிஸ்ஸி?" என்று ஒருநாள் கேட்டார். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கும் இந்த நோய்க்கும் தொடர்பிருப்பதாக ஆய்வுகள் உண்டு. மலேசியா 2020இல் அதைத் தடை செய்தது. ஆனால் இவர் ஒருவருக்கு வந்ததற்கு அதுதான் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு வழக்கத்தைவிட வேகமாக மிதித்தார். கோபமா, வேறு எதுவுமா, நான் கேட்கவில்லை.

இன்னொருவர் பழைய கங்காணி. தோட்டத்தில் காலைப் பெரட்டில் வேலையாட்களைக் கூட்டிப் பேர் கூப்பிட்டவர். இந்த நோயில் குரலும் சன்னமாகிவிடும், தொண்டைக்கும் பயிற்சி வேண்டுமே என்று, தினமும் பேர் கூப்பிடும் வேலையை அவரிடம் கொடுத்தேன். முதல் நாள் அவர் கூப்பிட்டது அடுத்த நாற்காலிக்கே எட்டவில்லை. "அன்னைக்கு இந்தக் குரல்ல கூப்பிட்டிருந்தா பாதிப் பேரு பெரட்டுக்கே வந்திருக்க மாட்டோம்" என்றார் பால்மரக்காரர். அறையே சிரித்தது. கங்காணிக்கு ரோஷம்.

பெரியவருக்குக் கை நடுக்கம் போகவில்லை. மாத்திரை அளவும் போன வருஷம் கூடியது. ஆனால் சட்டைப் பொத்தானைத் தானே போடுகிறார், பஜார் வரை நடந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டு வருகிறார்.

போன வாரம் மழையில் மாட்டிப் பத்து நிமிடம் தாமதமாகப் போனேன். மருந்து கவுண்டரைத் தாண்டும்போதே உள்ளேயிருந்து கேட்டது: "மிஸ்ஸி வரல! அரைநாள் சம்பளந்தான்!"