கழுக்குன்றத்தில் அம்மாவின் நேர்த்திக்கடன்

திருக்கழுக்குன்றத்துக்கு அம்மாவை அழைத்துப் போவது, தம்பி பிழைத்து வந்த நாளிலிருந்து பாக்கி இருந்த கடன். அவனுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தபோது, "என் பிள்ளையை எழுந்து நடக்க வை, உன் மலையை என் காலால் ஏறி வர்றேன்" என்று வேதகிரீஸ்வரரிடம் வேண்டிக்கொண்டிருந்தார். அவன் இப்போது வேலைக்கே போகிறான். அம்மாவுக்குத்தான் எழுபதைத் தாண்டிய வயது, முட்டி வலி. மலைக்கோ 565 படிகள். டோலி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "காலால்னு சொன்னேன், காலால்தான்" என்றுவிட்டார்.

பிரதோஷமும் ஞாயிறும் சேர்ந்த நாள். அடிவாரத்தில் கால் வைக்க இடமில்லை. செருப்பு விடும் இடத்தில் ஒரு பேரம், அர்ச்சனைத் தட்டுக்கு ஒரு பேரம். "சீக்கிரம் தரிசனம் பண்ணி வைக்கிறேன்" என்று ஒருவர் பாதித் தூரம் பின்னாலேயே வந்தார். வயதானவர்கள் மூச்சு வாங்கி நிற்கும் இடத்தில் போய்க் காசு பறிப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பத்துப் படி ஏறுவார், உட்காருவார், "சிவசிவா" என்று எழுவார்.

உட்காரும்போதெல்லாம் கழுகுக் கதைதான். சின்ன வயதில் தாத்தாவோடு வந்து பார்த்திருக்கிறார். உச்சி வேளையில் பண்டாரம் பாறைமேல் சர்க்கரைப் பொங்கலோடு உட்கார்ந்திருப்பாராம். எங்கிருந்தோ இரண்டு வெள்ளைக் கழுகுகள் வட்டமிட்டு இறங்கி, அவர் கையருகே வந்து சாப்பிட்டுவிட்டுப் போகுமாம். சாபம் பெற்ற முனிவர்கள் யுகத்துக்கு இருவராகக் கழுகு வடிவில் இந்த மலையை வழிபடுகிறார்கள் என்பது தலபுராணம். திரேதா யுகத்தில் வந்தவர்கள் சம்பாதியும் ஜடாயுவும். 1990-களின் கடைசியில் அந்த வரத்து நின்றுபோனது. "கலி முத்திப்போச்சு, அதான் வரல" என்றார் அம்மா. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து ஊசியால், செத்த மாட்டைத் தின்ற பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகுகள் நாடெங்கும் கூட்டம் கூட்டமாக மடிந்ததும் அதே காலத்தில்தான். கால்நடைகளுக்கு அந்த மருந்தை 2006-ல்தான் தடை செய்தார்கள். அம்மா சொல்வதும் இதுவும் எனக்கு வேறு வேறாகப் படவில்லை. இரண்டிலும் குற்றவாளி மனிதன்தான்.

மேலே போய்ச் சேர்ந்தபோது வரிசை கோயிலைச் சுற்றி நின்றது. நெரிசலில் அம்மாவின் கையை இறுகப் பிடித்திருந்தேன். வேதமே மலையாக நிற்கும் தலம் இது. அதர்வண வேதமான உச்சியில் ஐயன் இருக்கிறார். பெரும் பாறைகளே கருவறைக்குச் சுவர். சந்நிதிக்கு நேரே வந்ததும், "நகருங்க, நகருங்க" என்று பின்னாலிருந்து தள்ளினார்கள். அந்த நேரம் பார்த்து குருக்கள் கற்பூர ஆரத்தியைத் தூக்கிக் காட்டினார். சுடர் பாறையில் பட்டு, வாழைப்பூ வடிவத்தில் சுயம்புவாக இருக்கும் அப்பன் முழுசாகத் தெரிந்தார். அம்மா கும்பிடவில்லை, எதுவும் கேட்கவும் இல்லை. "வந்துட்டேன் பாரு" என்று மட்டும் சொன்னார், பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வது போல. தள்ளிக்கொண்டிருந்த பெண்மணி அப்படியே நின்றுவிட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது. தம்பியின் நெஞ்சில் தையல் போட்டிருந்த இடமும், அந்த ராத்திரிகளும், கண் விழித்து அவன் தண்ணீர் கேட்டதும் ஒன்றாக முன்னால் வந்து நின்றன. அழுதுவிட்டேன். என் பிள்ளைகளுக்கு, வேலைக்கு என்று நான் கேட்க நினைத்து வந்தது எதுவும் வாயில் வரவில்லை. என்ன கேட்பது? கேட்டதைத்தான் கொடுத்துவிட்டாரே!

நெய் தீபம் ஏற்றியதும், இறங்கும் வழியில் பல்லவர் குடைந்த ஒருகல் மண்டபத்தைப் பார்த்ததும் சரியாக நினைவில் இல்லை. முட்டி வலி என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

கீழே சங்கு தீர்த்தத்தில் கால் நனைத்தோம். கடலில் பிறக்க வேண்டிய சங்கு இந்த நன்னீர்க் குளத்தில் பிறக்கிறது! அபிஷேகம் செய்யப் பாத்திரம் இல்லாமல் மார்க்கண்டேயர் தவித்தபோது ஈசன் குளத்திலிருந்து சங்கை வரவழைத்துக் கொடுத்தார். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்பது ஐதீகம். 2011-ல் வந்தது, அப்புறம் 2024 மார்ச்சில், மகா சிவராத்திரியை ஒட்டி வந்தது. உப்பில்லாத தண்ணீரில் கடல் சங்கு எப்படி என்று கேட்பவர்கள் கேட்கட்டும். மார்க்கண்டேயருக்கு உயிர் கொடுத்தவர், என் தம்பிக்கும் கொடுத்தவர், ஒரு சங்கைக் கொடுக்க மாட்டாரா?

அடிவாரத்துத் தாழக்கோயிலில் பக்தவத்சலேஸ்வரரையும் திரிபுரசுந்தரி அம்மனையும் நிம்மதியாகத் தரிசித்தோம், அங்கே கூட்டம் குறைவு. அம்மனுக்கு முழு அபிஷேகம் ஆண்டில் மூன்று நாள்தான், மற்ற நாட்களில் பாதத்துக்கு மட்டும்.

கார்த்திகைக் கடைசி சோமவாரத்தில் மலைமேல் 1008 சங்காபிஷேகம். குளத்தில் பிறந்த சங்குகளும் அன்று அபிஷேகத்துக்கு வரும். பேருந்தில் உட்கார்ந்ததுமே, "அதுக்குத் தம்பியையும் கூட்டிட்டு வரணும், அவனும் நடந்தே ஏறட்டும்" என்றார் அம்மா. அவனுக்கு உடனே போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.