டே கெயாரை மூடுறதும் வராத காசும்

கிளிநொச்சியில எங்கட வீட்டு விறாந்தையையும் முன் அறையையும் ஒதுக்கி பிள்ளையள் பாத்துக்கொண்டிருந்த டே கெயாரை இந்த மாசக் கடைசியோட மூடுறன். ஏன் மூடுறாய் எண்டு கேக்காத ஆள் இல்லை. அம்மா விழுந்து இடுப்பு உடைஞ்சு படுக்கையில, அவவையும் பாத்து கைக்குழந்தையளையும் பாக்க ஏலாது, அவ்வளவுதான். இது அதைப்பற்றின பதிவு இல்லை, வரவேண்டிய காசைப் பற்றினது. வீட்டில பிள்ளை பாக்கிற, ரியூசன் குடுக்கிற, உடுப்புத் தைச்சுக் குடுக்கிற பெம்பிளையள் கனபேர் இஞ்சால இருக்கிறியள், ஒருநாளைக்கு உங்களுக்கும் இது வரும்.

பிள்ளை வந்துகொண்டிருக்கும்வரைக்கும்தான் காசு வரும், இதை முதல்ல மண்டையில போட்டுக்கொள்ளுங்கோ. பிள்ளை வாறது நிண்ட அண்டைக்கே அந்த வீட்டுக் கணக்கில நாங்கள் கரண்ட் பில்லுக்கும் சீட்டுக்காசுக்கும் அடைவுக்கடை வட்டிக்கும் பின்னால போயிடுவம். அது கெட்ட மனம் எண்டு நான் சொல்லமாட்டன், எங்கட வீட்டிலயும் அப்பிடித்தானே, ஆர் முதல்ல வந்து கரண்டை வெட்டுவினமோ அவைக்குத்தான் முதல் காசு. அதால மூடப்போறன் எண்ட கதை வாயில இருந்து வரேக்கயே கணக்குத் துண்டும் கையில இருக்கோணும். நான் வைபர் குறூப்பில போடேல்ல. பின்னேரம் பிள்ளையைக் கூப்பிட வாறவையை ஒவ்வொருத்தராத்தான் கதைச்சன், பிள்ளையை உள்ளுக்கு என்னோட வேலை செய்யிற அக்காவோட விளையாட விட்டுட்டு, வாசல்ல இல்லாமல் குசினிப்பக்கம் கூட்டிக்கொண்டுபோய், இந்தத் திகதியோட மூடுறன், இது உங்கட கணக்கு, கடைசி மாசக் காசு முன்னுக்கே தரோணும் எண்டு சொன்னன். பிள்ளைக்கு முன்னால காசுக்கதை கதைக்கப்படாது. நாலு வயசுக்கு எல்லாம் விளங்கும், அடுத்தநாள் காலமை வந்து "அன்ரி, அம்மாட்ட காசில்லை" எண்டு சொல்லிப்போட்டு நிக்கும், அதைக் கேட்டால் சோறு இறங்காது.

கணக்கு எண்டா, ஒரு சிஆர் கொப்பி. ஆளுக்கொரு பக்கம். மாசக்காசு, தந்த திகதி, தராத மாசம், பால்மா முடிஞ்சு நான் கடையில வாங்கிவைச்ச காசு, ஆறு மணிக்குப் பிறகு கூப்பிட வந்ததுக்கு மேலதிகம். நிலுவை எண்டு ஒண்டு பெருசாத் தொடங்கினதே 2022 இலதான். பெற்றோல் இல்லை, பள்ளிக்கூடம் பூட்டு, 400 கிராம் பால்மா பக்கெற் ஆயிரத்தைத் தாண்டிப் போச்சு, பாதிப்பேருக்கு வேலைக்குப் போக பஸ்ஸே இல்லை, அந்த நேரம் அரைக்காசு தாங்கோ மிச்சத்தைப் பேந்து பாப்பம் எண்டு எல்லாரையும் விட்டனான், அதை இண்டைக்கும் பிழையெண்டு நினைக்கேல்ல. அந்த மிச்சத்தில பெரும்பகுதி தானா வந்து சேந்தது. சிலரிட்ட அது ஒரு பழக்கமாப் போச்சு, அவைதான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

எப்ப தருவியள் எண்டு கேட்டால் "தாறன் அக்கா" எண்டுதான் வரும். வன்னியில தாறன் எண்ட சொல்லுக்குத் திகதி இல்லை. அதால ஒவ்வொரு வீட்டுக்கும் காசு எப்ப வருது எண்டு தெரிஞ்சு வைச்சு அந்த நாளைத்தான் கேக்கோணும். கச்சேரியில, ஆஸ்பத்திரியில, பள்ளிக்கூடத்தில வேலை செய்யிறவைக்கு 25ஆந் திகதிக்குப் பக்கத்தில, காமன்ற்ஸுக்கு, உடுப்புத் தைக்கிற ஃபக்ரறிக்கு, வேலைக்குப் போற பெம்பிளையளுக்கு பத்தாந் திகதியைச் சுத்தி. வெளிநாட்டில இருந்து காசு வாற வீடெண்டா அங்க சம்பளம் விழுந்து நாலைஞ்சு நாள். வயல்காரர் எண்டா வெட்டு முடியோணும், அதுக்கு முன்னால நெருக்கினால் அவை நகையை அடைவு வைச்சுத்தான் தருவினம், அந்தக் காசை வாங்க எனக்கு விருப்பமில்லை.

வயல்காரர் கதை ஒண்டு சொல்லோணும். இரணைமடுக் குளத்துத் தண்ணியில வயல் செய்யிற அண்ணை ஒருத்தர், ரெண்டு பிள்ளையும் என்னட்டத்தான், காலபோகம் வெட்டித் தாறன் எண்டு சொன்னவர், சொன்னமாதிரியே ஒரு பின்னேரம் லான்ட்மாஸ்டரில ரெண்டு மூடை நெல்லோட வந்து நிக்கிறார். காசாத் தரேல்ல. அரசாங்கம் 2025 இல நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபா எண்டு அறிவிச்சதுதானே, அந்தக் கணக்கில கழியுங்கோ எண்டார். நான் மூடைக்குள்ள கையை விட்டுப் பாத்தன், குளிர்ந்துபோய் ஈரம். அந்த 120 எண்டது ஈரப்பதன் 14 வீதத்துக்குள்ள இருக்கிற காய்ஞ்ச நெல்லுக்கு, வெட்டின கையோட கொண்டுவாற நெல்லை அந்த விலைக்கு ஆரும் எடுக்கமாட்டினம், வாசல்ல வந்து எடுக்கிற வியாபாரி இன்னும் குறைச்சுத்தான் கேப்பான், அது அண்ணைக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அண்ணை, காயவிட்டு நிறுப்பம், வாற நிறைக்கு 120 போடுறன் எண்டன். ரெண்டு நாள் முத்தத்தில படங்கு விரிச்சுக் காயவிட்டம், பிள்ளையள் எல்லாரும் கோழி கலைக்கிற வேலையில நிண்டதால அந்த ரெண்டு நாளும் அவையை வைச்சிருக்கிறது சுகமாப் போச்சு. நிறை குறைஞ்சுதான் வந்தது, ஆனா அவரும் பக்கத்தில நிண்டு தராசைப் பாத்ததால ஒரு கதையும் வரேல்ல. மிச்சத்தை ரெண்டு தரமாக் காசாத் தந்து முடிச்சார். நெல்லை அவிச்சுக் குத்தியாச்சு, அம்மாக்கு அந்தப் புழுங்கலரிசிக் கஞ்சிதான் இப்ப.

கட்டாரில புருசன் இருக்கிற ஒரு தங்கச்சி, கன மாசம் நிலுவை. "அவர் இன்னும் போடேல்ல அக்கா" எண்டே சொல்லிக்கொண்டிருந்தவ. மூடுறன் எண்ட கதை எப்பிடியோ கட்டாருக்குப் போய் அந்தத் தம்பி எனக்கு நேர கோல் எடுத்துட்டார், ஏனக்கா மூடுறியள், பிள்ளையை இவ்வளவு நாள் வடிவாப் பாத்தனீங்கள், மாசாமாசம் காசு ஒழுங்கா வந்ததுதானே எண்டு. எனக்கு விளங்கிட்டுது. அவர் போட்டிருக்கிறார், இவ வேற எங்கயோ கட்டியிருக்கிறா. சொல்லலாம்தான், சொன்னால் காசும் ஒரு கிழமையில வரும், ஆனா அந்த வீட்டில என்ன நடக்கும் எண்டு தெரியாதே. கணக்கு தங்கச்சியோட கதைச்சு முடிக்கிறன் தம்பி எண்டு சொல்லி வைச்சிட்டன். அடுத்தநாள் அவ வந்து அழுதா, அடைவு வைச்ச தாலிக்கொடியை ஏலத்துக்கு விடாமல் மீட்கத்தான் அந்தக் காசு போனதாம். அடுத்த மாசம் சீட்டு எடுத்து ஒரேயடியாத் தந்தா. புருசன்மாரிட்ட, மாமிமாரிட்ட, வேலை செய்யிற இடத்தில போய்க் கேக்கிறது கெதியாப் பலிக்கும், எண்டாலும் நான் அதுக்கு ஆளில்லை.

அதுக்குக் காரணமும் இருக்கு. 2009க்குப் பிறகு மீளக்குடியேறி வந்த காலத்தில நுண்கடன்காரர் இஞ்ச எப்பிடித் திரிஞ்சவை எண்டு எங்களுக்குத் தெரியும். குழுவாக் கடன், கிழமைக்கிழமை வசூல், ஒருத்தி கட்டாட்டி மற்றவை சேந்து கட்டோணும், மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டாலே பின்பக்கத்தால ஓடின பெம்பிளையளைக் கண்டிருக்கிறன். 2018 இல அரசாங்கமே வறட்சி மாவட்டத்துப் பெம்பிளையளின்ர ஒரு லட்சத்துக்குக் குறைஞ்ச நுண்கடனைத் தள்ளுபடி செய்யிறம் எண்டு அறிவிக்கிற அளவுக்கு அது முத்திப்போய் இருந்தது. கிழமைக்கு ஆயிரம் ஆயிரமா வந்து வாங்குங்கோவன் எண்டு என்னட்டயும் கேட்டவை, வேண்டாம் எண்டிட்டன். நான் ஆற்ற வாசலிலயும் போய் நிக்கமாட்டன், ரெண்டு திகதி குறிப்பம், அந்த நாளுக்கு பாங்கில போடுங்கோ இல்லாட்டி வீட்ட கொண்டுவாங்கோ. சொன்னதைத் துண்டில எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து, ஒண்டு அவைக்கு, ஒண்டு எனக்கு.

கையெழுத்து வாங்கிறது மரியாதைக்குறைவு எண்டு நினைக்காதேங்கோ. சட்டத்தரணியிட்ட கிளாக்கா இருக்கிற எங்கட சொந்தக்காரப் பொடியன் சொல்லித்தான் எனக்கும் தெரியும், எழுதிக் கையெழுத்து வைச்ச உடன்பாட்டுக்கு வழக்குப் போட ஆறு வருசம், வாய்ப்பேச்சுக்கு மூண்டு வருசம், செய்த வேலைக்குக் கூலி எண்டு வந்தால் ஒரே வருசம். பிள்ளை பாத்த காசை அந்தக் கடைசி ஒரு வருசக் கணக்குக்குள்ள தள்ளிவிட்டால் பழைய நிலுவை அப்பிடியே போயிடும். பொலிசுக்குப் போறன் எண்டும் வெருட்டாதேங்கோ, குடுக்கல் வாங்கல் காசை அறவிட்டுத் தாறது அவையின்ர வேலை இல்லை. இப்பிடிச் சின்னக் காசுக்கு முதல்ல இணக்கசபைதான், கோட்டுக்குப் போறதெண்டாலும் அங்க இணங்கேல்ல எண்ட சான்றிதழ் வேணும். அங்க லோயர்மார் வந்து எங்களுக்காகக் கதைக்கேலாது, கூடுதலா சனி ஞாயிறில பள்ளிக்கூடத்தில இருப்பினம், ரெண்டு பக்கத்தையும் கூப்பிட்டு இருத்திக் கதைப்பினம். கொப்பியோட போனால் போதும்.

எல்லாரும் நல்லமாதிரிக் கதைச்சவை எண்டு நினைக்காதேங்கோ. ஒரு பிள்ளையின்ர தாய், "நீங்கள் இடைநடுவில விட்டிட்டுப் போறியள், நான் இனி பிள்ளையை ஆரிட்ட விடுறது, லீவு போட்டால் சம்பளம் வெட்டுவாங்கள், நட்டம் எனக்கு, இதுக்குள்ள உங்களுக்குக் காசு வேறயோ" எண்டு குசினிக்குள்ள நிண்டு சத்தம்போட்டா. அவ சொன்னதில முதல்பாதி சரி. இந்தப் பக்கம் ஒரு வயசுப் பிள்ளையை விட நம்பின இடம் தேடுறது லேசில்லை. நான் சொன்னன், பிள்ளை, புது இடம் தேடித்தாறது என்ர பொறுப்பு, அதுக்கு நான் கதைக்கிறன், ஆனா உம்மட மகன் போன மாசமும் அதுக்கு முதல் மாசமும் இஞ்ச சாப்பிட்டு இஞ்சதானே படுத்தவன், அந்தக் கணக்கு வேற. இது வாக்குவாதத்தில வெல்லுற கதை இல்லை, ரெண்டையும் கலக்காமல் பிடிச்சுக்கொண்டு நிக்கிற கதை. என்னோட வேலை செய்த அக்காவுக்குக் கடைசிச் சம்பளம் குடுக்கோணும், கடையில பால்மாக் கணக்கு இருக்கு எண்டதையும் சொன்னன், அது உண்மையும்தான். கனகபுரத்தில ஒரு ஓய்வுபெற்ற ரீச்சர் வீட்டில இடம் எடுத்துக் குடுத்தன், அந்தக் கிழமையே பாதிக்காசு தந்தா, மிச்சத்துக்குத் திகதி எழுதியிருக்கு.

காசுக்காக ஆற்ற பிள்ளையின்ர ஊசிக்கொப்பியையோ முன்பள்ளிக்குக் குடுக்கிற கடிதத்தையோ மறிச்சு வைக்காதேங்கோ, அப்பிடிச் செய்தால் ஊரில உங்கட பேர்தான் நாறும், பிள்ளைக்கும் பாவம்.

அவவை விட்டால் இப்ப மிச்சம் ரெண்டு வீடு. காமன்ற்ஸுக்குப் போற தனியத் தாய் ஒருத்தி, தாயும் ரெண்டு பிள்ளையும்தான், காசு வராது எண்டு எனக்கும் தெரியும் அவவுக்கும் தெரியும். சும்மா விடுறதில்லை, விட்டதைச் சொல்லோணும், இல்லாட்டி சந்தையில என்னைக் கண்டு மற்றப்பக்கம் மாறிப் போவா. கொப்பியில அவட பக்கத்தில கணக்கு முடிஞ்சுது எண்டு எழுதி, படம் எடுத்து அனுப்பிப்போட்டன். மற்றது ரெண்டுபேரும் நல்ல சம்பளம் எடுக்கிற குடும்பம். எல்லாரிலயும் கூடின நிலுவை அவைதான். "இண்டைக்குப் போடுறன் அக்கா" எண்ட மெசேஜை மேலுக்கு இழுத்து இழுத்துப் பாத்தால் போன வருசம் வரைக்கும் போகும், காசுதான் இல்லை. புதுக் கார் எடுத்திருக்கினம். அவைக்கு கடைசித் திகதி குடுத்தாச்சு, அது தாண்டினால் இணக்கசபைக்கு விண்ணப்பம், நிரப்பி வைச்சிருக்கிறன், வெருட்டுறதுக்கு இல்லை.

சின்னக் கதிரை, பிளாஸ்ரிக் மேசை, படுக்கிற பாய், ரெண்டு தொட்டில், தள்ளுவண்டில் ஒண்டு குடுக்க இருக்கு. கிளிநொச்சி, பரந்தன் பக்கம் ஆரும் டே கெயார் தொடங்கிறதெண்டால் கீழ கொமென்ற் போடுங்கோ, மலிவாத் தரலாம், ஆனா காசு கையில.