உடைந்த நகமும் ஒன்பது ஊரும்

மூன்றாம் நாள் மதியம் கார் டிக்கியை மூடும்போது வலது கை மோதிரவிரல் நகம் போய்விட்டது. முழுசாகப் போகவில்லை, பாதியில் குறுக்கே பிளந்து தொங்கிக்கொண்டிருந்தது. ரத்தமெல்லாம் இல்லை, வலியும் பெரிதாக இல்லை. ஆனால் பிக் (தந்தியை மீட்டுகிற சின்னத் தகடு) இல்லாமல் விரல் நகத்தாலேயே கிட்டார் மீட்டிப் பாடிப் பிழைக்கிற ஆளுக்கு, அது நடுவழியில் சைக்கிள் செயின் அறுந்த மாதிரி. இன்னும் ஏழு ஊர் பாக்கி, அதில் ஒன்று அன்றைக்கு ராத்திரியே.

பதினொரு நாள், ஒன்பது ஊர், ஒரு கார், ஒரு கிட்டார், அப்புறம் நான். இதற்கு டூர் என்று பேர் வைத்திருக்கிறோம். நானே எழுதி நானே மெட்டுப்போட்ட நாட்டுப்புற பாணிப் பாட்டுகள், பின்னால் எந்த கம்பெனியும் கிடையாது, மேனேஜரும் கிடையாது. டிரைவர், கணக்குப்பிள்ளை, சுமை தூக்குகிறவர் எல்லாம் நான்தான். நடுவில் ஒன்றரை மணி நேரம் பாடகர்.

இந்த மாதிரிப் பயணத்தை எப்படித் திட்டமிடுவீர்கள் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஏதோ ஒரு சனிக்கிழமைக்கு நல்ல அரங்கமோ விழா மேடையோ உறுதியானால் அதை ஆணி மாதிரி அடித்துவிட வேண்டும், மற்றதெல்லாம் அந்த ஆணியில் தொங்கும். போகிற வழியில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு ஊர் கிடைக்குமா என்று வரைபடத்தை வைத்துக்கொண்டு ஆறு மாதம் முன்னாலிருந்தே கடிதம் எழுத வேண்டும். இருபது பேருக்கு எழுதினால் நான்கு பேர் பதில் போடுவார்கள், அதில் இரண்டு 'அடுத்த வருஷம் பார்க்கலாம்'. வெள்ளி, சனி தானாக நிறையும். செவ்வாய்க்கிழமையை நிரப்புவதற்குத்தான் உண்மையான சாமர்த்தியம் வேண்டும், ஏனென்றால் சும்மா இருக்கிற செவ்வாய்க்கும் படுக்க இடமும் பெட்ரோலும் வேண்டும்.

கிட்டாருக்குப் பின் சீட், சீட் பெல்ட்டோடு. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். வெயிலில் நிற்கிற காரின் டிக்கி அடுப்பு மாதிரி, உள்ளே பசை இளகி, தந்திகளைப் பிடித்திருக்கிற பிரிட்ஜ் கட்டை மேலே கிளம்பி வந்த கிட்டாரை நானே பார்த்திருக்கிறேன். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருந்தால் அது சுகமாக இருக்கும், ரொம்பக் காய்ந்தால் முன்பலகை மர ரேகையின் வழியிலேயே விரிசல் விடும். அதற்காகப் பெட்டிக்குள் ஈரப்பதப் பொட்டலம் ஒன்று, சின்ன மீட்டர் ஒன்று. ராத்திரி தங்குகிற இடத்தில் நான் ஏசியைப் போட்டுக்கொண்டு தூங்குவதா, கிட்டாருக்காக அணைப்பதா என்று யோசித்த நாளெல்லாம் உண்டு. (அணைத்தேன்.) இந்தத் தடவை எல்லாம் சாலை வழி என்பதால் விமானத் தலைவலி இல்லை. என் கிட்டாரின் முதுகு ரோஸ்வுட் மரம். 2017 தொடக்கத்திலிருந்து அந்த மரக் குடும்பம் முழுவதும், அழியும் ஆபத்தில் இருக்கிற உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்துக்குள் வந்ததில் எல்லை தாண்டுகிற பாட்டுக்காரர்கள் எல்லோரும் கொஞ்ச நாள் கலங்கிப் போனோம். செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019 நவம்பரில் விலக்குக் கொடுத்தார்கள். பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் இன்றைக்கும் காகிதம் கேட்பார்கள், அது 1992 முதலே கடுமையான பட்டியலில் இருக்கிறது. நல்லவேளை, என்னுடையது அந்த அளவுக்கு உயர்ந்த சாதி இல்லை.

சரி, நகத்துக்கு வருகிறேன். அன்றைய இடம் குடியும் பேச்சுமாக இரைகிற கூடம். சவுண்ட் செக்குக்குப் பத்து நிமிஷம் கொடுத்தார்கள், அதில் ஏழு நிமிஷம் கிட்டாரிலிருந்து சத்தமே வரவில்லை. கிட்டாரை மிக்ஸரோடு இணைக்கிற என் டி.ஐ. பாக்ஸுக்கு அந்த மிக்ஸரிலிருந்தே 48 வோல்ட் வர வேண்டும், அந்தப் பொத்தானை யாரும் அமுக்கவில்லை. அமுக்கியதும் வந்தது, கூடவே ஊளையும் வந்தது. அக்குஸ்டிக் கிட்டார் என்பது வெறும் பொந்து, எதிரே இருக்கிற ஸ்பீக்கர் பாடுவதைக் கேட்டு அதுவும் அதிர ஆரம்பிக்கும், அந்த அதிர்வு மறுபடி ஸ்பீக்கருக்குப் போகும். என்னுடையது சரியாக 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் மாடு மாதிரிக் கத்தும். கிட்டாரின் நடுவில் இருக்கிற துளையை ரப்பர் மூடியால் அடைத்தால் பாதி அடங்கிவிடும், ஆயிரம் கருவிகளைவிட அந்த மூடி மேல்.

மூன்று விரல் வேலை இருக்கிற பாட்டுகளைப் பட்டியலிலிருந்து அடித்தேன், பதினான்கில் ஐந்துதான் மிஞ்சியது. பயம் வந்ததும் பழைய அமெரிக்கக் கிட்டார்க்காரர்களை, முதலில் மெர்ல் டிராவிஸை, நினைத்துக்கொண்டேன். கட்டைவிரல், ஆட்காட்டி விரல் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வாசிப்பு முறைக்கே தன் பெயரை விட்டுப்போன மனிதர். ரெவரெண்ட் கேரி டேவிஸும் அதே இரண்டு விரல்தான், அதுவும் கண் பார்வை இல்லாமல். எலிசபெத் காட்டன் இடது கைக்காரர், வலது கைக் கிட்டாரைத் தந்தி மாற்றாமல் அப்படியே தலைகீழாகப் பிடித்ததால் மெட்டைக் கட்டைவிரலே வாசித்தது. தொண்ணூறு வயது தாண்டி கிராமி இசை விருது வாங்கினார். இவர்களோடு ஒப்பிட்டால் எனக்கு ஒரு நகம்தான் இல்லை, அழுவதற்கு அதில் என்ன இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு மேடை ஏறினேன்.

பாட்டு ஓடியது, கேட்கத்தான் ஆள் இல்லை. முன்வரிசை மேசையில் முதுகைக் காட்டிக்கொண்டு யாருக்கோ பிறந்தநாள் நடந்தது. இந்த மாதிரி இடங்களில் சத்தமாகப் பாடி ஜெயிக்க முடியாது. குரலை இறக்கினால் சில சமயம் பேச்சும் சேர்ந்து இறங்கும். அன்றைக்கு இறங்கவில்லை. வாசல் வசூலில் பேசிய பங்கும் முழுசாக வரவில்லை, அந்தக் கதை வேண்டாம்.

மறுநாள் ஒரு வீடு. வீட்டுக் கச்சேரி என்பது இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த ஏற்பாடு. ஒருவர் தன் கூடத்தைக் காலி செய்து நாற்காலி போட்டு இருபது முப்பது நண்பர்களைக் கூப்பிடுவார், ஒரு பெட்டி சுற்றி வரும், அதில் விழுவது முழுக்கப் பாடகருக்கு. மைக் கிடையாது, 48 வோல்ட் கிடையாது. மூச்சு வாங்குவதுகூட கடைசி வரிசைக்குக் கேட்கும். முந்நூறு பேர் பேசிக்கொண்டிருக்கிற கூடத்தைவிட, அன்றைக்கு வந்த இருபத்திரண்டு பேர் எனக்குப் போதும்.

அந்த வீட்டில் ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன், வெளியில் டேபிள் டென்னிஸ் மேசை. விரல் வாசிப்புக்காரர்களிடம் ஒரு பழைய வித்தை உண்டு. டேபிள் டென்னிஸ் பந்திலிருந்து நகம் அளவுக்குத் துண்டு வெட்டி, மிச்சமிருக்கிற நகத்துக்கு அடியில் சூப்பர் க்ளூவால் ஒட்டிவிடுவார்கள். பந்தின் வளைவு நகத்தின் வளைவோடு ஏறக்குறையப் பொருந்தும். அவனிடம் கேட்டேன். ரொம்ப யோசித்துவிட்டு, நசுங்கின பந்து ஒன்றைத் தேடி எடுத்துவந்து, "இதுன்னா வெட்டிக்கோங்க" என்றான். சின்னக் கத்தரிக்கோலால் வெட்டி, ஒட்டி, அரத்தால் ஓரத்தைத் தேய்த்துத் தேய்த்து, கடைசியில் மணல் தாளில் மெருகேற்ற முக்கால் மணி நேரம் ஆனது. கொஞ்சம் சொரசொரப்பு மிச்சமிருந்தாலும் தந்தியில் பட்டதும் பல் கூசுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தான். கச்சேரியில் நான் எதுவும் பேசாமல் நேராக நுழைகிற ஒரு பாட்டின் முன்னிசையில், முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தவன் பக்கத்தில் இருந்த அம்மாளிடம் மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "அது என் பந்து" என்றான். அந்த ராத்திரி கிடைத்த பெரிய கைதட்டல் அதற்குத்தான்.

அடுத்தடுத்த ஊர்கள் ஒன்றோடு ஒன்று கலந்துவிட்டன. இரண்டு பாட்டுக்கு நடுவில் சொல்கிற அதே கதையை ஏழாவது தடவை, இப்போதுதான் ஞாபகம் வந்த மாதிரிச் சொன்னேன், கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. கச்சேரி முடிந்ததும் வேர்த்த சட்டையோடு விற்பனை மேசைக்கு ஓட வேண்டும். மாதக்கணக்கில் ஸ்ட்ரீமிங்கில் வருவதைவிட ஒரு ராத்திரி அந்த மேசையில் நான்கு குறுந்தகடு போனால் அதிகம், இதில் மிகை எதுவும் இல்லை. குறுந்தகடு போட வீட்டில் கருவியே இல்லை என்று சொல்லிக்கொண்டே வாங்குகிறவர்கள் உண்டு, அவர்களுக்கு என் வணக்கம்.

கடைசி ஊர், அந்தச் சனிக்கிழமை அரங்கம். கடைசிப் பாட்டுக்கு முந்தின பாட்டில் நகம் பிய்த்துக்கொண்டு பறந்தது. வெளிச்சத்தில் வெள்ளையாக ஏதோ போனதைப் பார்த்தேன், எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. மீதியை டிராவிஸ் வழியில் முடித்தேன். அப்புறம் மேசைக்கு ஒரு பெண்மணி வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

"இது உங்களோடதுங்களா?"

ஆமாம் என்றேன். வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அது உண்மையில் யாருடையது என்ற கதையைச் சொல்லிவிட்டுக் கொடுத்தேன், கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனார். குறுந்தகடு வாங்கவில்லை.