பழைய மெஷினுக்குப் புது மூளை

ஆன் பண்ணதும் மோட்டார் கொய்ங்னு கத்துற சத்தம் இன்னைக்குக் கேக்கல!

கம்ப்யூட்டர் சொல்றபடி நகர்ந்து வெட்டுற சிஎன்சி ரவுட்டர் மெஷின்ல, மோட்டார்களை ஓட்டிக்கிட்டு இருந்த பழைய நீலக் கலர் டிபி6560 போர்டைக் கழட்டியாச்சு. இப்போ ஒவ்வொரு அச்சுக்கும், அதாவது நகர்ற ஒவ்வொரு திசைக்கும், மோட்டாரை ஓட்ட ஒரு டிஎம்542 டிரைவர். ஆர்டுயினோ ஊனோங்கிற சின்னக் கன்ட்ரோல் போர்டுல, மெஷினை நகர்த்துற ஜிஆர்பிஎல் மென்பொருள். பழைய போர்டை மாட்டுற பேரலல் போர்ட்டுக்காகவே காப்பாத்தி வச்சிருந்த எக்ஸ்பி கம்ப்யூட்டருக்கும் ஓய்வு.

மோட்டார் ஒரு சுத்துக்கு 200 ஸ்டெப். டிரைவர்ல ஒவ்வொரு ஸ்டெப்பையும் 8 மைக்ரோஸ்டெப்பாப் பிரிச்சா 1600. மோட்டார் சுத்துற ஸ்க்ரூ, அச்சை ஒரு சுத்துக்கு 5 மி.மீ. நகர்த்தும். வகுத்தா, மில்லிமீட்டருக்கு 320 மைக்ரோஸ்டெப்.

அந்த 320-ஐ செட்டிங்ல போட்டு, 50 மி.மீ. போகச் சொன்னேன். வெர்னியர் வச்சுப் பாத்தா அச்சு அசலா 50.

அப்படியொரு சந்தோஷம்.

சட்டம், ரயில், ஸ்க்ரூ எல்லாம் இன்னும் கல்லு மாதிரி இருக்கு. காலாவதியானது எலக்ட்ரானிக்ஸ் மட்டும்தான். அதுக்காக முழு மெஷினையும் எடைக்குப் போடுறாங்களே, அதான் மனசு கேக்கல.

ஜிஆர்பிஎல்லை 2009-ல ஆரம்பிச்சவர் நார்வேக்காரர், சிமன் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ரூட். மூலநிரலோட இலவசமாக் கொடுத்தார். அதுக்கப்புறம் எத்தனையோ பேர் கை வச்சு வளர்த்தாங்க. அவங்க எல்லாருக்கும் மனசார நன்றி.

அச்சு ஓரத்தைத் தொட்டா மெஷினை நிறுத்துற லிமிட் ஸ்விட்ச்சுக்கு வயரிங் இன்னும் பாக்கி. வெட்டுற மோட்டாரான ஸ்பிண்டிலோட மின் இரைச்சல் அந்த வயர்ல ஏறாம இருக்க, ஷீல்டு கேபிள்தான் போடப்போறேன்.