8 ஜிபி ரேம் போட்டும் 3 ஜிபிகூடக் கிடைக்கவில்லை

ரேம் பழுது என்று கடையில் சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் என் பழைய லேப்டாப்புக்கு 8 ஜிபி ரேம் பொருத்திப் பணமும் வாங்கிக்கொண்டார்கள். வீட்டில் திறந்து பார்த்தால், பொருத்தியது 8.00 ஜிபி, பயன்படுவது 2.92 ஜிபி என்று காட்டுகிறது! காவேரிப்பட்டணத்திலிருந்து மறுபடியும் பஸ் ஏறிப் போய்க் கேட்டேன். "ரேம் சரியில்லை சார்" என்றார் கடைப் பையன். வேறொன்றை மாட்டியும் அதே எண் வந்ததும், "மதர்போர்டு தாங்காது, பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கேட்டுப் பாருங்கள்" என்று கைகழுவிவிட்டார். மாம்பழ சீசனில் மண்டிக் கணக்கு முழுவதும் அதில் முடங்கிக் கிடந்தது. வயிறு எரிந்தது.

ரேமிலும் குறையில்லை, போர்டிலும் குறையில்லை. விண்டோஸ் 10-இல் 32 பிட், 64 பிட் என்று இரண்டு வகை உண்டு. உள்ளே இருந்தது 32 பிட் வகை. எவ்வளவு ரேம் போட்டாலும் அதன் வரம்பு 4 ஜிபிதான். அதிலும் கிராபிக்ஸ் முதலான பாகங்களுக்கு ஒதுக்கும் இடம் போக மிச்சம்தான் நமக்கு. 16 ஜிபி போட்டிருந்தாலும் இதே கதிதான். செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் பக்கத்தைத் திறந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். 32 பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 பிராசஸர் என்று இருந்தால், 64 பிட்டுக்கு மாறலாம் என்று அர்த்தம். ரேம் விற்கிறவர்கள் இதைக்கூடப் பார்க்க மாட்டார்களா?

இன்னொரு கடையில், 64 பிட்டுக்குப் புது லைசென்ஸ் வாங்க வேண்டும் என்றார்கள். அதற்குப் பணம் கொடுக்காதீர்கள். முன்பு இருந்தது விண்டோஸின் ஹோம் பதிப்பு, 64 பிட்டிலும் அதே ஹோமையே போட்டேன். இன்டர்நெட் இணைந்ததும் தானாக ஆக்டிவேட் ஆனது. விண்டோஸை நிறுவ மைக்ரோசாப்ட் தரும் கருவியைப் பென் டிரைவில் வைத்து நானே செய்துகொண்டேன். ஆனால் 32 பிட்டின் மேலேயே 64 பிட்டை ஏற்ற முடியாது, சி டிரைவை அழித்துத்தான் ஆக வேண்டும். கோப்புகளை முதலில் வெளியே எடுத்து வையுங்கள்.

இப்போது பயன்படுவது 7.88 ஜிபி. அந்த எண்ணைப் பார்த்ததும் வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

ரேம் வாங்கப் போகும்போது பழையதைக் கழற்றிக் கையில் கொண்டுபோங்கள். ரேமில் வகைகள் உண்டு. டிடிஆர்3எல் 1.35 வோல்ட், சாதா டிடிஆர்3 1.5 வோல்ட், பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் மாற்றி வாங்கிவிடலாம்.

மண்டியின் டாஸ் காலத்துப் பில் மென்பொருள்தான் கடைசிவரை படுத்தியது. 16 பிட் நிரல்கள் 64 பிட் விண்டோஸில் ஓடாது. பழைய டாஸ் நிரல்களை ஓட்டுகிற டாஸ்பாக்ஸ் மென்பொருளைப் போட்ட பிறகுதான் பழைய கணக்குகள் திறந்தன. உங்களிடமும் அப்படி ஏதாவது இருந்தால், 32 பிட்டை அழிப்பதற்கு முன்பே டாஸ்பாக்ஸில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.