செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில்: வாட்டர் கூலிங் அரிப்பைப் பாட்டிலில் வைத்துப் பார்த்தது

கம்ப்யூட்டரின் சூட்டைத் தண்ணீர் ஓட்டித் தணிக்கும் பழைய வாட்டர் கூலிங் செட் ஒன்று கைக்கு வந்தது. பம்ப் நன்றாக ஓடியது. ஆனால் சிபியு பிளாக்கை (பிராசசரின் மேல் உட்கார்ந்து சூட்டை வாங்கும் பகுதி) கழற்றினால் செம்புத் தகட்டின் நுண்ணிய வரிகளுக்குள் வெள்ளையாகக் கூழ் மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது, தண்ணீர்த் தொட்டியான ரிசர்வாயரின் அடியிலும் அதே. மிருதுவான பிவிசி ட்யூபிலிருந்து கசியும் பிளாஸ்டிசைசரும் (ட்யூபை மிருதுவாக்கச் சேர்க்கும் பொருள்) பார்க்க இப்படித்தான் இருக்கும், ஆனால் இதில் போட்டிருந்தது கறுப்பு இபிடிஎம் ரப்பர் ட்யூப், அதில் அந்தத் தொல்லை அநேகமாக இல்லை. அப்போ உலோகம்தான்.

தண்ணீரின் சூட்டைக் காற்றில் விடும் ரேடியேட்டரைச் செம்பு என்று சொல்லித்தான் விற்றார்கள். மரை ஓரத்தில் பெயின்ட்டைக் கொஞ்சம் சுரண்டியதும் உள்ளே வெள்ளி நிறம், செம்பின் சிவப்போ பித்தளையின் மஞ்சளோ எங்கேயும் இல்லை. கையில் தூக்கினாலே தெரியும், செம்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 8.96 கிராம், அலுமினியத்துக்கு வெறும் 2.7. (காந்தம் வைத்துப் பார்க்காதீர்கள், இரண்டிலுமே ஒட்டாது.) வெள்ளைக் கூழ் பெரும்பாலும் அலுமினியம் ஹைட்ராக்சைடு, அதாவது ரேடியேட்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து பிளாக்கில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை. கண்ணாடி பாட்டில்களில் ஒரு செம்புத் துண்டு, ஒரு அலுமினியத் துண்டு, நடுவில் மல்டிமீட்டர். புத்தகத்தில் உள்ள மின்முனை அழுத்தக் கணக்குப்படி (எது கீழே இருக்கிறதோ அதுதான் அரிக்கும்) செம்பு +0.34 வோல்ட், அலுமினியம் −1.66, வித்தியாசம் சரியாக 2 வோல்ட் வர வேண்டும். உப்புத் தண்ணீரில் எனக்கு வந்தது அரை வோல்ட்டை ஒட்டித்தான். காரணம், அலுமினியத்தின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கிறது, வெறும் உலோகம் தண்ணீரைத் தொடுவதே இல்லை. தண்ணீரின் பிஎச் ஏறத்தாழ 4-க்கும் 9-க்கும் நடுவில் இருக்கும்வரை அந்தப் படலம் தாங்கும். உப்பிலுள்ள குளோரைடு அதில் அங்கங்கே ஓட்டை போடும், அந்த ஓட்டைகளில்தான் குழி விழுகிறது. மீட்டரை எடுத்துவிட்டு இரண்டையும் ஒயரால் நேராக இணைத்து விட்டேன். செம்பு அப்படியே இருக்க, அலுமினியம் மட்டும் வெள்ளைக் கூழ் விட ஆரம்பித்தது.

சரி, ரப்பர் ட்யூப் நடுவில் இருக்கிறதே, பிளாக்கும் ரேடியேட்டரும் ஒன்றை ஒன்று தொடவில்லையே, பிறகு எப்படி என்று கேட்கலாம். எனக்கும் இந்தக் கேள்விதான் ரொம்ப நாள் உறுத்தியது. பதில் மயில்துத்தத்தில், அதாவது காப்பர் சல்ஃபேட்டில், கிடைத்தது. ஒரு சிட்டிகை மயில்துத்தத்தோடு கொஞ்சம் உப்பும் கரைத்து அதில் அலுமினியத் துண்டை மட்டும் போட்டேன், செம்புத் துண்டே கிடையாது, ஒயரும் கிடையாது. சீக்கிரமே நுரைத்துக்கொண்டு அலுமினியத்தின் மேல் செம்மண் நிறத்தில் செம்பு படிந்துவிட்டது. உப்பு இல்லாமல் செய்தால் இது மிக மெதுவாக நடக்கும், மறுபடியும் அந்தப் படலத்தின் வேலை. கம்ப்யூட்டருக்குள்ளும் இதேதான், அளவு மட்டும் மிகச் சிறியது: பிளாக்கிலிருந்து துளித்துளியாகக் கரையும் செம்பு தண்ணீரோடு போய் ரேடியேட்டரில் ஒட்டுகிறது, ஒட்டிய ஒவ்வொரு புள்ளியும் பக்கத்து அலுமினியத்தோடு சேர்ந்து ஒரு குட்டி பேட்டரி ஆகிவிடுகிறது. ட்யூப் எதையும் தடுக்காது.

டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றினால் போதும் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். அது நன்றாகத் தொடங்கும், சந்தேகமில்லை. ஆனால் ஓட ஓட உலோகத்திலிருந்தும், ரேடியேட்டருக்குள் மிஞ்சிய சால்டரிங் ஃபிளக்ஸிலிருந்தும் அயனிகளைச் சேர்த்துக்கொண்டே போகும். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் வைத்திருப்பவர்கள் ஊற்றிய அன்றும் சில வாரம் கழித்தும் அளந்து பாருங்கள்.

கலப்பு உலோகம் ஓடவே ஓடாது என்றும் இல்லை. கடையில் எல்லாம் சேர்த்து மூடியே வரும் ஏஐஓ (ஆல்-இன்-ஒன்) கூலர்கள் பெரும்பாலும் அலுமினிய ரேடியேட்டரும் செம்புத் தகடும்தான், காரிலும் இப்படிக் கலந்துதான் பல காலம் ஓட்டினார்கள். அங்கே காப்பாற்றுவது கூலன்ட்டில் கலந்திருக்கும் தடுப்பான்கள், செம்புக்குப் பென்சோட்ரையசோல் வகை, அலுமினியத்துக்கு சிலிகேட் அல்லது ஆர்கானிக் அமிலங்கள். ஆனால் தடுப்பான் செலவாகிக்கொண்டே இருக்கும், கிளைகாலும் பழசானால் அமிலமாகும். நாமே திறந்து மூடும் லூப்பில் (தண்ணீர் சுற்றும் பாதை) அந்த நம்பிக்கையில் அலுமினியத்தை விட்டுவைக்க எனக்கு மனமில்லை.

அதனால் அலுமினிய ரேடியேட்டர் வெளியே போய்விட்டது, இப்போது செம்பு–பித்தளை ரேடியேட்டர். பிளாக்கின் தகட்டை, குத்துவிளக்குக்குத் தேய்க்கிற மாதிரி, புளியும் பழைய டூத்பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்து, கழுவி, உலர்த்தினேன், களிம்பு எல்லாம் போய்விட்டது. நிக்கல் பூசிய பிளாக்குக்கு இதைச் செய்யாதீர்கள், அமிலம் பூச்சைக் கெடுத்துவிடும். என் ஃபிட்டிங்குகள் நிக்கல் பூசிய பித்தளை. நிக்கல் −0.25 வோல்ட், செம்பைவிடக் கீழே. பூச்சில் ஊசித்துளை இருந்தால் அங்கே உரிய ஆரம்பிக்கலாம், அதனால் தடுப்பான் உள்ள கூலன்ட்தான் ஊற்றியிருக்கிறேன், பாசி பிடிக்காமலிருக்கச் சிலர் போடும் வெள்ளிக் கம்பிச் சுருள் எதுவும் போடவில்லை. ஒரு ஃபிட்டிங்கில் வேண்டுமென்றே கீறல் போட்டு அதே கூலன்ட்டில் தனி பாட்டிலில் ஊற வைத்திருக்கிறேன், அடுத்த முறை லூப்பை வடிக்கும்போது அதையும் எடுத்து லென்ஸில் பார்த்து எழுதுகிறேன்.